மச்சான் சேலை கட்டிய மாசி

எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டியவர்கள் பலர். எல்லாரும் தேயிலைக் கொழுந்து கிள்ளவும் மலையை வெட்டவும் போனவர்கள். ஒரு மனிதருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவரப் போனவள் நான் ஒருத்திதான்.

அந்த மனிதர் என் அக்காள் புருஷர். இலங்கையிலிருந்து திரும்பிய ஒருவர் சந்தையில் அம்மாவைப் பார்த்து, "ஒங்க மாப்பிள்ளை ஒரு கூட்டத்துல சேந்துட்டாருல்ல? கையில கயிறு கட்டிக்கிட்டு, சேலை உடுத்திக்கிட்டு, வீடு வீடாப் போயி அழுவுறாரு. பொண்டாட்டிகூடப் பேசறதில்ல, வீட்டுல சோறு திங்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, வாங்கிய மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள், "போயி அவளக் கூட்டிக்கிட்டு வந்துரு. நீதான் படிச்சவ, பாத்தா ஒனக்குத் தெரியும்" என்றாள்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். போலிச் சாமியார்களைக் கண்டுகொள்வது எப்படி என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். விசித்திர உடை, கயிறு, அழுகை, தனிச் சாப்பாடு. மச்சானிடம் எல்லாம் இருந்தன.

துணைக்கு அம்மாவின் தம்பி, என் மாமா வந்தார். கப்பலில் எனக்குத் தலை சுற்றியது, அவருக்குப் பசித்தது. அவரிடம் ஒரு பாக்குவெட்டி உண்டு. கவலை, சந்தோஷம், சும்மா இருப்பது எல்லாவற்றுக்கும் அதை எடுத்து ஒரு பாக்கை நறுக்குவார். இலங்கை முழுவதையும் அந்தச் சத்தத்தோடுதான் பார்த்தேன்.

பண்டாரவளையோடு ரயில் நின்றுவிடுகிறது. இறங்கியதும் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. எங்கள் ஊரில் மாசி மாதம் வெயில் பழகத் தொடங்கும் நேரம். இங்கே மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றி, அது போதாமல் என் துணிப்பையிலிருந்த போர்வையையும் எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை. ஆப்பமும் மிளகாய்ச் சம்பலும் கொடுத்தார். சம்பல் நாக்கில் பட்டதும் குளிர் போய்விட்டது. கூடவே நாக்கும் போய்விட்டது. தேநீருக்குச் சர்க்கரை போடுவதில்லை. கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் தருகிறார்கள். அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். மாமா முதலில் கருப்பட்டியைத் தின்று முடித்துவிட்டு, தேநீர் கசக்கிறது என்று கடைக்காரரிடம் முறையிட்டார். "அதுக்கு இன்னொரு துண்டு வேணும்னு நேரா கேட்டிருக்கலாமே தம்பி" என்று பெரியவர் இன்னொரு துண்டைக் கொடுத்தார்.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அக்காள் இருந்தாள். மாட்டுவண்டி ஏற்பாடாயிற்று. பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. வண்டிக்காரர் ஒவ்வொரு திருப்பத்திலும் மாடுகளிடம் சிங்களத்தில் ஏதோ கெஞ்சினார். பாதி வழியில் சக்கரம் ஒன்று எங்களை விட்டுத் தனியாக உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மாமா மெதுவாக என் மேல் சாய்ந்தார். மாடுகள் மட்டும் எதுவும் நடக்காதது போல் புல் மேயத் தொடங்கின.

சக்கரம் சரியாகும் வரை ஒதுங்க இடம் கிடைத்தது. பாதைக்குச் சற்று மேலே, காப்பிக் காலத்தில் ஒரு துரை கட்டி, காப்பிச் செடிகள் செத்தபோது விட்டுப்போன பங்களா. இப்போது அதற்கு நிறைவு இல்லம் என்று பெயர். வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பெண் எங்களை உள்ளே அழைத்துக் காலுக்கு வெந்நீர் கொடுத்தாள்.

அந்த வீட்டைப் பார்த்து நான் மயங்கிப் போனேன் என்றே சொல்ல வேண்டும். தரை கண்ணாடி போல் இருந்தது. இருபது பேர் இருந்திருப்பார்கள். ஒரு சத்தம் இல்லை. எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு வெட்டுக்குத்து நடக்கும். யாரும் அழவில்லை, ஆடவில்லை. எல்லார் மணிக்கட்டிலும் மெல்லிய வெள்ளை நூல் இருந்தது. அதை நான் ஒரு நகையாகவே எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஐயா என்று அழைத்த தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நான் ஆசிரியை என்றதும் எழுந்து நின்று கைகூப்பினார். என் வாழ்நாளில் எனக்காக எழுந்து நின்ற முதல் ஆண் அவர்தான். நான் வந்த காரியத்தைக் கேட்டு, "துன்பத்தில் இருக்கும் பெண்களுக்காகவே இந்த வீடு இருக்கிறது. உங்கள் அக்காவை இங்கே விடுங்கள்" என்றார்.

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கித்துள் மரத்துக் கருப்பட்டி வைத்தார்கள். பனங்கருப்பட்டியைப் போல் இல்லாமல் லேசான புகை வாசனையோடு வாயில் கரைந்தது. வெள்ளைச் சேலைப் பெண் தன் பங்கைக் கடைசி வரை வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

மாமா உள்ளே தங்கவில்லை. வெற்றிலை போடக் கூடாது என்றதும் வெளியே போய்விட்டார். நான் வந்தபோது வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில், ஒரு கிழவரோடு உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறியதும், "அந்தாளு மகளப் பாக்க வந்தாராம். இன்னிக்குத் தோதுப்படாதுன்னுட்டாங்களாம். கொண்டாந்த கருப்பட்டிய மட்டும் வாங்கிக்கிட்டாங்களாம்" என்றார். வீட்டுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும் மாமா, நம் இஷ்டத்துக்குப் போய் வர அது சத்திரமா என்றேன். அவர் பாக்குவெட்டியை எடுத்தார்.

தோட்டத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. லயத்து வாசலில் தப்புப் பறையின் சத்தம். நீளமாக ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளின் முன்னால் பெண்கள் கூட்டமாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் பச்சைச் சேலையும் வளையலும் அணிந்து, முகத்தில் மஞ்சள் பூசிய ஒருத்தி, மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். கூட்டத்திலேயே அதிகமாக அழுதவள் என் அக்காள். அருகே போய்ப் பார்த்தபிறகுதான், பாடுகிறவளின் புறங்கையில் இருந்த முடி என் கண்ணில் பட்டது.

"அக்கா, அது மச்சானா?"

அக்காள் மூக்கைச் சிந்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "ஆமா. நல்லா அழுவுறாருல்ல? போன வருசத்தவிட இந்த வருசம் தேவல."

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. அது காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று மன்மதனைத் தடுத்து ரதி அழுகிறாள். அந்த ரதிதான் மச்சான். சந்தையில் சொன்னவர் பார்த்தது போன மாசிக் கூத்து. எங்கள் ஊரில் காமன் பண்டிகை என்றால், பையன்கள் வைக்கோலைக் கொளுத்திவிட்டு ஓடுவதோடு சரி. இங்கே அரை மாதம் விரதம். காமனுக்குக் கம்பு நட்ட அன்று ஆட்டக்காரர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டால், காமனை எரித்து மூன்றாம் நாள் அவிழ்க்கும் வரை பெண்டாட்டியோடு பேச்சு இல்லை, வீட்டில் சாப்பாடு இல்லை, பந்தலில்தான் படுக்கை. பகலில் மட்டும் மலையில் வேலை. கூத்து வாத்தியார் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. அவர் ஒல்லியான கோபக்காரர். மச்சான் காலை மாற்றி வைத்தால் பிரம்பால் கணுக்காலில் ஒரு தட்டு.

காமன் பண்டிகை என்று பெயர் தெரிந்துவிட்டதால் மட்டும் என் பயம் போகவில்லை. ஒரு மனிதர் தட்டுகிறார், மற்றவர்கள் பட்டினி கிடந்து, வீட்டை மறந்து, அவர் சொன்னபடி ஆடுகிறார்கள். பத்திரிகையில் சொன்னது இதுதானே? நான் அக்காளிடம் அம்மாவின் உத்தரவைச் சொன்னேன். கப்பல் கிடைக்கும் வரை அந்த நிறைவு இல்லத்தில் இருக்கலாம், சுத்தமான இடம் என்றேன்.

அக்காள் வெகுநேரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "அவருகிட்டச் சொல்லாமலா?" என்று கேட்டாள். பேசத்தான் முடியாதே என்றேன். "ஞாயித்துக்கெழம காப்பு அவுத்துருவாங்க. அதுவரைக்கும் இரேன்."

அவிழ்த்துவிட்டால் அவர் பேசி மனத்தை மாற்றிவிடுவார், ஞாயிறன்று அவிழ்க்குமுன் காலையிலேயே போய்விடலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் என் சிலேட்டை எடுத்துத் துடைத்துத் தந்தவள் அவள்தான். அதில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடிந்ததில்லை. "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வார்த்தை எனக்கு அன்று இனித்தது.

ஞாயிறு வரை நாள் இருந்தது. விடியுமுன் தப்பு அடித்து எல்லாரையும் பெரட்டுக்கு அழைப்பார்கள். கங்காணி நின்று ஆள் பார்த்து வேலை பிரிக்கும் இடம் அது. எங்கள் பள்ளிக்கூடத்துக் காலை வரிசைதான், பனி மட்டும் கூடுதல். அக்காள் மலைக்குப் போனபிறகு மாமாவும் நானும் ஒரு நாள் பதுளை பார்க்கப் போனோம். கோச்சு வண்டியின் குதிரை ஏற்றத்தில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்தோம். குதிரை எங்கள் பின்னால் நிம்மதியாக வந்தது. பதுளையில் திருச்சிப் பக்கத்து வியாபாரி ஒருவரின் ஜவுளிக் கடையில் அக்காளுக்கு வெள்ளைச் சேலை ஒன்று எடுத்தேன். எதற்கு வெள்ளை என்று கேட்டார். நிறைவு இல்லம் என்றதும் அவர் துணியை மடிப்பதை நிறுத்தினார். "அங்க போனவங்க யாரும் திரும்பக் கடைப்பக்கம் வந்து நான் பாத்ததில்லீங்க." எவ்வளவு சிக்கனமான ஜனங்கள் என்று நான் வியந்துகொண்டு வந்தேன்.

அந்த வாரத்திலேயே கூத்தில் ஒரு குழப்பம். மன்மதனாக ஆடியவரின் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைத் தீட்டோடு ஆடக் கூடாது. அவர் வாத்தியார் முன்னால் வந்து, தான் பெரிய குற்றம் செய்துவிட்டது போல் நின்றார். வாத்தியார் தலைமுதல் கால்வரை திட்டித் தீர்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தார்.

"போடா, போயி புள்ளயப் பாரு. காமன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான். ஒம் பொண்டாட்டிதான் கோவிச்சுக்குவா."

பதிலுக்கு ஆள் பிடித்தார்கள். புதிய மன்மதனுக்குத் தொந்தி இருந்தது, ஆட்டம் தெரியாது. பழைய மன்மதன் தீட்டுக்காரராகத் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்று, "வலது, வலது, அய்யோ அது எடது" என்று கத்தினார். பெண்கள் அழுவதை விட்டுச் சிரித்தார்கள். ரதியும் சிரித்துவிட்டாள். கணுக்காலில் ஒரு தட்டு விழுந்தது. என் மனத்திலிருந்த பட்டியல் அன்றே கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் நான் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் குறைவு.

வெள்ளி இரவு காமனை எரித்தார்கள். குளிருக்குப் பயந்து நான் போகவில்லை. மாமா போய்ப் பார்த்து, அழுது, தொண்டை கட்டி வந்தார்.

ஞாயிறு காலை அக்காளும் மாமாவும் நானும் புறப்பட்டோம். அக்காள் ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். பந்தலைத் தாண்டும்போது, காமன் கம்பு நட்ட இடத்தில் மச்சான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கறுத்த முகத்தில் மஞ்சள் திட்டுத்திட்டாக மிச்சம் இருந்தது. பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசக் கூடாதவர், செம்பைப் பிடித்தபடியே நின்றார். அக்காள் திரும்பிப் பார்க்கவில்லை.

நிறைவு இல்லத்தின் கேட்டுக்கு வெளியே அதே கல்லில் அதே கிழவர். கமுகம்பாளையில் கட்டிய கருப்பட்டி மடியில் இருந்தது. மாமா, "நீ போ, நான் இங்க இருக்கேன்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து கருப்பட்டியை வாங்கிக்கொண்டு போனார். கிழவர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஐயா எழுந்து நின்று கைகூப்பினார். இந்த முறை எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. வெள்ளைச் சேலைப் பெண் தட்டில் ஒரு நூலைக் கொண்டுவந்து அக்காளின் கையைப் பிடித்தாள். ஒரு வாரமாகக் காப்பு எப்போது அவிழும் என்ற பேச்சையே கேட்டுக் கேட்டு எனக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கத்தில் கேட்டேன்.

"இதை எப்போது அவிழ்ப்பீர்கள்?"

ஐயா அன்பாகச் சிரித்தார். "அவிழ்ப்பதற்காகவா கட்டுகிறோம், அம்மா?"

கப்பலுக்குச் சொல்லி அனுப்பியதும் அக்காளைக் கூட்டிப் போக வேண்டும் என்றேன். அதெல்லாம் அக்காளுக்கே தோன்றாது என்றார். இடையில் நான் பார்க்க வரலாமா என்றேன். முதலில் உறவுகளின் நினைவு அடங்க வேண்டும், பெயரும் மாற்றுவோம், அதுவரை வேண்டாமே என்றார். ஒரு சொல்லிலும் கடுமை இல்லை. ஒருத்திக்கு மனம் மாறிப் போக விரும்பினால்?

"கதவு திறந்துதான் இருக்கிறது. போகிறவர்கள் எங்களுக்கு இறந்தவர்கள். அவ்வளவுதான்."

தூரத்து மரத்தடியில் நின்று "அது எடது" என்று கத்திய மன்மதன் எனக்கு ஞாபகம் வந்தார். அக்காளின் கையை அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து எடுத்தேன். "வா, போகலாம்" என்றேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை; பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

வெள்ளைச் சேலைப் பெண் தட்டோடு நின்றாள். அன்று அவள் கண்ணை மூடித் தின்றது என் நினைவுக்கு வந்தது.

"ஒங்களுக்குக் கருப்பட்டி யாரு கொண்டாராங்கன்னு தெரியுமா?"

அவள் ஐயாவைப் பார்த்தாள். இல்லத்துக்கு வருவது என்றாள்.

"ஒரு பெரியவர் கொண்டாராரு. மகளப் பாக்க வந்துட்டு, பாக்காமயே போறாரு. இப்பவும் வாசல்லதான் இருக்காரு. அவரு மக யாருன்னு எனக்குத் தெரியாது."

தட்டு மெதுவாகத் தரைக்கு வந்தது. ஐயா அவளுடைய புதிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீளமான, அழகான பெயர். அவள் நடந்தாள். நாங்கள் அவள் பின்னால் போனோம். கேட்டருகே கிழவர் எழுந்தார். மாமாவின் கையில் பாக்குப் பாதி நறுக்கியபடி நின்றது.

"செல்லாயி" என்றார் கிழவர். "கருப்பட்டி கெடச்சுச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். கேட்டைத் திறந்தது மாமாதான். அதில் பூட்டுகூட இல்லை.

கிழவரும் செல்லாயியும் எங்களோடு திரும்பி நடந்தார்கள். செல்லாயிக்குக் காலில் செருப்பு இல்லை. வெளியே நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது. அக்காள் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். நான் பதுளையில் எடுத்த வெள்ளைச் சேலையைக் கிழித்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்து ஓடையில் காப்பு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் முழங்கால் தண்ணீரில் நின்று, வரிசையாக வந்த கைகளின் மஞ்சள் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். மச்சான் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் போகவே மனமில்லாதவர் போல் இருந்தார். அக்காள் பெட்டியைக் கரையில் தொப்பென்று வைத்தாள். அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. இவ்வளவு நாள் ரதியாக அழுதவருக்கு அப்போது வந்த அழுகை வேறு மாதிரி இருந்தது, பாட்டு இல்லை.

காப்பு அவிழ்ந்ததும் அவருடைய முதல் பேச்சு: "கருவாட்டுக் கொழம்பு வைக்கிறியா?"

"மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க, மகாராணி" என்றாள் அக்காள்.

எல்லாருக்கும் முடிந்தபிறகு செல்லாயி தானாகத் தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினாள். வெள்ளை நூலை வாத்தியார் பார்த்தார். எந்தச் சாமிக்கு, யார் கட்டியது என்று ஒன்றும் கேட்கவில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, "கத்தி இருக்கா?" என்றார். மாமா பாக்குவெட்டியை நீட்டினார். நூல் மஞ்சள் காப்புகளின் பின்னால் மிதந்து போயிற்று. கிழவர் மகளைக் கூட்டிக்கொண்டு தன் தோட்டத்துக்குப் புறப்பட்டார். போகும்போது மாமா அவருக்கு ஒரு கை நிறையப் பாக்குக் கொடுத்தார். அது அவருடைய கடைசி இருப்பு.

மறுநாள் பெரட்டைப் பார்க்கப் போனேன். நேற்றுவரை மறுபேச்சில்லாமல் ஆண்களை ஆட்டிவைத்த கூத்து வாத்தியார், செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு வரிசையில் நின்றார். நேரம் கழித்து வந்ததற்காகக் கங்காணி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். வாத்தியார் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற மச்சான், "வலது, வலது" என்று முணுமுணுத்தார். வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கணுக்காலில் லேசாக உதைத்தார். கூட்டங்களைப் பற்றி அந்தப் பத்திரிகையில் எழுதியவர் இந்தப் பெரட்டைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் வந்து சேர்ந்தோம், மாமாவும் நானும் மட்டும். அம்மா வண்டியை எட்டிப் பார்த்தாள், மூன்றாவது ஆளைத் தேடினாள். கருப்பட்டிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்து, முழுவதையும் சொன்னேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் கேட்டாள்.

"மாப்பிள்ளை இன்னும் சேலை கட்டுறாராடி?"

"மாசியில மட்டும்" என்றேன்.